திரையில் விரிந்த வடிவங்கள் – 9: விளிம்பில் தெரியும் விதி

சென்ற பகுதியில், மூடிய ஒரு பரப்பை ஒரே நிறத்தால் நிரப்பக் கணினி கற்றுக்கொண்ட கதையைப் பார்த்தோம். ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் 1973-இல் இயங்கவைத்த சூப்பர்பெயின்ட், 1979-இல் ஆல்வி ரே ஸ்மித் வெளியிட்ட நிரப்பு முறை என்று அது ஏறக்குறைய நேர்வழியில் போனது. நிறத்துக்குப் பதிலாக, திரும்பத் திரும்ப வரும் வடிவத்தால் பரப்பை நிரப்ப வேண்டும் என்றால் கதை அவ்வளவு நேராக இல்லை. எதை நினைவகத்தில் வைப்பது என்ற கேள்வி அங்கே முதலில் வந்து நிற்கிறது. வடிவத்தின் ஒரு துண்டை வைத்துக்கொண்டு அச்சு குத்துவதுபோல அடுக்கிக்கொண்டே போகலாம். அல்லது வடிவம் எப்படி வளர்கிறது என்ற விதியை வைத்துக்கொண்டு, தேவையான அளவுக்கு வளர்த்துக்கொள்ளலாம். நினைவகம் சிறியதாக இருந்த காலத்தில் அச்சு வந்தது, கணினி பெரிதான பிறகு விதி வந்தது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. ஆண்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தால் இது தலைகீழ். விதி முதலில் வந்தது, அதுவும் சென்னைக்குப் பக்கத்துத் தாம்பரத்திலிருந்து. அச்சு அதற்குப் பத்தாண்டு கழித்து வந்து சந்தையைப் பிடித்தது. அந்த வெற்றியில் ஒன்று தொலைந்தும் போனது. தொலைந்தது என்ன என்பது பரப்பின் நடுவில் தெரியாது, விளிம்பில்தான் தெரியும். இந்தப் பகுதியின் வாதம் அதுதான்.

முதலில் வென்றவரின் பக்கம். 1984 ஜனவரியில் வந்த மேக்கின்டாஷில் 128 கிலோபைட் நினைவகம் இருந்தது. திரை 512-க்கு 342 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை என்பதால் முழுத்திரைக்கும் 21,888 பைட் போதும். பில் அட்கின்சன் எழுதிய குவிக்டிரா என்ற வரைகலை நிரல்தொகுப்பில் ஒரு நிரப்பு வடிவம் என்பது எட்டே பைட்தான். எட்டுக்கு எட்டு கட்டம், கட்டத்துக்கு ஒரு பிட். அவரே எழுதிய மேக்பெயின்ட்டில் பெயின்ட் வாளியைச் சாய்த்தால் செங்கல் வரிசையோ மீன்செதிலோ சாய்கோடோ நொடியில் பரவியதற்குக் காரணம் இந்தச் சிக்கனம். திரையின் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதன் குறுக்கு, நெடுக்கு எண்களை எட்டால் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும், அங்கே கறுப்பா வெள்ளையா என்று தெரிந்துவிடும். பக்கத்துப் புள்ளியைக் கேட்க வேண்டியதில்லை, பரப்பு எங்கே தொடங்குகிறது என்றும் கேட்க வேண்டியதில்லை. இதில் ஒரு நுட்பமான முடிவும் இருந்தது. கட்டத்தின் தொடக்கம் நிரப்பப்படும் உருவத்தின் மூலையில் இல்லை. வரைபரப்பின் தொடக்கப் புள்ளியில் நிலையாக இருந்தது. அதனால் இன்று ஒரு பகுதியையும் நாளை அதை ஒட்டிய இன்னொரு பகுதியையும் நிரப்பினாலும் இரண்டும் தையல் தெரியாமல் சேர்ந்துகொள்ளும். அழகான ஏற்பாடு. உருவத்தைப் பற்றி வடிவத்துக்கு ஒன்றுமே தெரியக்கூடாது என்பது அந்த ஏற்பாட்டின் நிபந்தனையும்கூட.

பொறியியல் வரைபடத்துக்கு வந்தால் அச்சு வேறு உடை உடுத்துகிறது. 1982 டிசம்பரில் வெளிவந்த ஆட்டோகேட் அடுத்த சில ஆண்டுகளில் ‘ஹேட்ச்’ என்ற நிரப்பு வசதியைப் பெற்றது. அதன் வடிவங்கள் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும், யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். செங்கல் வடிவத்துக்கு மூன்றே வரிகள். முதல் வரி, கால் அங்குல இடைவெளியில் கிடைக்கோடுகள். இரண்டாவது, அரை அங்குல இடைவெளியில் நெடுக்குக்கோடுகள், கால் அங்குலம் வரைந்து கால் அங்குலம் விட்டு. மூன்றாவதும் அதே நெடுக்குக்கோடு, கால் அங்குலம் தள்ளி, விட்ட இடத்தில் வரைந்து வரைந்த இடத்தில் விட்டு. சாய்வுக் கோணம், தொடக்கம், நகர்வு, கோட்டு நீளம்: இந்த நான்கு செய்திகளில் ஒரு வடிவம் அடங்கிவிடுகிறது. இது விதிதானே, அச்சு எப்படி ஆகும் என்று கேட்கலாம். விதிதான், ஆனால் முடிவில்லாத தளத்துக்கான விதி. சுவர் எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. சுவரின் ஓரத்தில் செங்கல் எந்த இடத்தில் வந்தாலும் கத்தரித்துவிடும், சில சமயம் நூலிழை அகலத்தில் ஒரு சில்லு மிஞ்சும். எந்தக் கொத்தனாரும் அப்படிக் கட்ட மாட்டார். மூலைக்கு வந்ததும் அரைக்கல் வைத்து, மூட்டு மூட்டின்மேல் விழாமல் வரிசையைச் சரிசெய்வார். படத்தில் இருப்பது செங்கல்லின் அடையாளம், செங்கல் கட்டு அல்ல. வளைகோட்டை அந்தக் கோப்பில் எழுத வழியே இல்லை, குட்டிக் குட்டி நேர்கோடுகளாக ஒட்டவைக்க வேண்டும் என்பது தனிச் சங்கடம். 1990களின் தொடக்கத்தில் போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் இரண்டாம் நிலை வந்தபோது வளைகோடு கிடைத்தது, கட்டத்துக்குள் எதை வேண்டுமானாலும் வரையலாம் என்றானது. ஆனால் அடுக்குவதற்கு அங்கேயும் இரண்டே எண்கள்: குறுக்கே எவ்வளவு நகர்வது, நெடுக்கே எவ்வளவு நகர்வது.

இங்கே கணிதம் படித்தவர் ஒரு வலுவான ஆட்சேபம் எழுப்புவார். தளத்தில் இரு திசையிலும் திரும்ப வரும் வடிவங்களைச் சமச்சீர்மையால் வகைப்படுத்தினால் 17 வகைதான் தேறும். ரஷ்யாவின் ஃபியோதரவ் 1891-இலும், அது தெரியாமல் ஜார்ஜ் போல்யா 1924-இலும் நிறுவிய உண்மை இது. அந்த 17-க்கும் பொதுவான இயக்கம் நகர்த்தல் மட்டுமே. ஆகவே நகர்த்தி அடுக்கத் தெரிந்த கருவி 17 வகையையும் நிரப்பிவிடும், வேறென்ன வேண்டும்? வாதம் சரிதான். நிரப்பிய பிறகு கிடைக்கும் படத்தில் குறையும் இல்லை. ஆனால் சுழற்சியும் பிரதிபலிப்பும் கருவியின் அறிவில் இல்லாததால் அவற்றைக் கட்டத்துக்குள் வரைபவரே கையால் சுமக்க வேண்டும். ஆறு மடங்கு சுழற்சி உள்ள பூவில் ஓர் இதழை மாற்றினால் மற்ற ஐந்தையும் அவரே மாற்ற வேண்டும். 1990களின் தொடக்கத்தில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜியோமெட்ரி சென்டரில் நீனா அமென்டா எழுதிய ‘காளி’ என்ற நிரல் இந்தச் சுமையை இறக்கிவைத்தது. வகையைத் தேர்ந்தெடுத்து ஒரு கோடு இழுத்தால் மற்ற எல்லாம் உடன் நகரும். அது பள்ளி, கல்லூரி வகுப்புகளில் புகழ்பெற்றது, வணிக மென்பொருள்களின் மையத்துக்கு வரவில்லை. எப்படியிருந்தாலும், 17 என்ற கணக்கு முடிவில்லாத தளத்துக்குரியது. நாம் நிரப்பும் எந்தப் பரப்புக்கும் முடிவு உண்டு. விளிம்பு என்ற ஒன்றை அந்த வகைப்பாடு கணக்கிலேயே எடுப்பதில்லை.

விளிம்பு எவ்வளவு பெரிய காரியம் என்பதற்குச் சிக்குக் கோலத்தை விடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். நேர்ப்புள்ளி வைத்துக்கொள்வோம், சில வரிசை, வரிசைக்குச் சில புள்ளி. ஒவ்வொரு புள்ளியையும் கோடு சுற்ற வேண்டும், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ள வேண்டும், ஓரத்தில் வளைந்து திரும்ப வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. 2-க்கு 2 புள்ளி வைத்துப் போட்டுப் பாருங்கள், பின்னிக்கொண்ட இரண்டு கோடுகள் வரும். 2-க்கு 3 வைத்தால் கையெடுக்காமல் ஒரே கோட்டில் முடியும். 3-க்கு 3 என்றால் மூன்று கோடுகள், 3-க்கு 4 என்றால் மறுபடி ஒன்று, 4-க்கு 6 என்றால் இரண்டு. வரிசை எண்ணிக்கைக்கும் புள்ளி எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அத்தனை கோடுகள். அங்கோலாவின் சோனா மணல் ஓவியங்களில் இதே இயல்பை மொசாம்பிக் கணிதவியலாளர் பாவுலஸ் கெர்டஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இந்தக் கோலங்களின் நடுப்பகுதியைக் கொஞ்சம் வெட்டியெடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், சாய்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் வலை. அச்சுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வலை மட்டும். ஒரு கோடா, மூன்று கோடா என்பதைத் தீர்மானிப்பது முழுக்க ஓரம்.

ஓரத்தையும் சேர்த்து ஒரு வடிவத்தை எப்படி எழுதுவது என்ற கேள்வியைக் கணினி மொழியில் கேட்டவர்கள் தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்தார்கள். கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் பேராசிரியர், ராணி சிரோமணி கணிதவியலாளர், கமலா கிருத்திவாசன் அவரிடம் ஆய்வு செய்தவர், பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். வாக்கியங்களை விதிகளால் பிறப்பிக்கும் முறையை நோம் சாம்ஸ்கி 1950களில் கொடுத்திருந்தார். படத்துக்கும் அப்படி ஓர் இலக்கணம் இருக்கலாம் என்ற எண்ணம் இந்தியர்களுக்குப் புதிதல்ல. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் ஆர். நரசிம்மன் 1960களின் தொடக்கத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், இயற்பியலாளர்களின் குமிழ்க்கலப் படங்களை அந்த வழியில் படிக்க முயன்றவர். தாம்பரத்து மூவரும் 1972-இல், வரிசையும் நெடுவரிசையுமாக அமைந்த படங்களுக்கான இலக்கணத்தை வெளியிட்டார்கள். 1974-இல், கட்டங்களாக அடுக்கிய குறிகளுக்கான ‘அணி’ (array) இலக்கணங்களையும் கோலத்தையும் நேரடியாக இணைத்த கட்டுரை வந்தது. இரண்டும் வெளிவந்தது கணினி வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழில். மேக்பெயின்ட்டுக்கு இன்னும் பத்தாண்டு இருந்தது.

அந்த இலக்கணம் எப்படி வேலை செய்யும் என்பதை மேலே சொன்ன சிக்குக் கோலத்தையே வைத்துப் பார்க்கலாம். எடுத்துக்காட்டு என்னுடையது, முறை அவர்களுடையது. புள்ளிக்கு ஒரு சதுர ஓடு என்று கொள்வோம். நடுப்புள்ளியின் ஓட்டில் நான்கு பக்கமும் கூர்மையான வைரம். ஓரத்துப் புள்ளியின் ஓட்டில் வெளிப்பக்கம் மட்டும் வளைவு. மூலைப் புள்ளியில் இரண்டு பக்கம் வளைவு. நான்கு மூலை, நான்கு ஓரம், ஒரு நடு, ஆக ஒன்பது ஓடுகள். இலக்கணம் இரண்டு கட்டமாக ஓடுகிறது. முதலில் கிடைவாக்கில் ஒரு சரம் பிறக்கும்: இடது, நடு, நடு, நடு, வலது என்று, நடு எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். பிறகு அந்தச் சரத்தின் ஒவ்வொரு குறியிலிருந்தும் ஒரு நெடுவரிசை கீழ்நோக்கி வளரும்: மேல் ஓடு, இடை ஓடுகள், கீழ் ஓடு. எல்லா நெடுவரிசைகளும் ஒரே நேரத்தில் ஒவ்வோர் அடியாக இறங்கி ஒரே நேரத்தில் முடிகின்றன. விரல்விட்டு எண்ணக்கூடிய விதிகள், ஆனால் எந்த அளவுக் கோலம் வேண்டுமானாலும் ஓரம் பிசகாமல் கிடைக்கும். பெரிய கோலம் என்பது சின்னக் கோலத்தை உருப்பெருக்கியது அல்ல, சின்னக் கோலத்தைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியதும் அல்ல, அதே குடும்பத்தின் அடுத்த உறுப்பினர். 1974 கட்டுரையின் சிறப்பு இந்தக் குடும்பம் என்ற கருத்தைக் கணிதத்துக்குள் கொண்டுவந்ததுதான் என்பது என் மதிப்பீடு. கோடு போகும் பாதையையே எழுதும் இன்னொரு வழியையும் கிஃப்ட் சிரோமணி பின்னர் எடுத்துக்கொண்டார். நேரே போவது, வலப்பக்கம் மூன்று வகை வளைவு, இடப்பக்கம் மூன்று வகை வளைவு என ஏழு அசைவுகளில் கம்பிக் கோலத்தை, அதாவது சிக்குக் கோலத்தை, எழுத முடியும்.

இது கோட்பாடு, கருவி அல்ல, மேக்பெயின்ட்டோடு ஒப்பிடுவது நியாயமா என்ற கேள்வி எழும். லட்சக்கணக்கானோர் கையில் புழங்கியதையும் சில நூறு பேர் படித்த கட்டுரையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் ஒப்பிடுவது புழக்கத்தை அல்ல, எதைச் சேமிப்பது என்ற கேள்விக்குக் கொடுத்த விடையை. அந்த விடை பயன்படக்கூடியதுதான் என்பதற்குப் பின்வரலாறு சாட்சி. செடிகளின் வளர்ச்சிக்காக லிண்டன்மயர் 1968-இல் அமைத்த இலக்கணங்களைக் கணினிப் படமாக்கிய கனடாவின் புருசின்கீவிச், கோலத்தையும் அந்த வழியில் வரைந்தார். ‘கிருஷ்ணரின் கொலுசு’ என்ற கோலம் அவர் எழுத்துகள் வழியாக வரைகலைப் பாடங்களில் இன்றும் ஒரு நிலையான எடுத்துக்காட்டு, ஒற்றை வரி விதியில் அது முழுவதும் அடங்கும். இன்னும் வேடிக்கையான சாட்சி மென்பொருள் தொழிலின் உள்ளிருந்தே வந்தது. பொத்தான்களையும் பெட்டிகளையும் எந்த அளவுக்கு விரித்தாலும் மூலை சிதையாமல் இருக்க வேண்டும் என்ற தேவை வந்தபோது, 2005-இல் ஃபிளாஷ் 8 ஒன்பது துண்டு முறையைக் கொண்டுவந்தது: நான்கு மூலை, நான்கு ஓரம், ஒரு நடு. ஆண்ட்ராய்டும் அதையே எடுத்துக்கொண்டது. கோலத்தை யாரும் பார்த்துச் செய்ததாகச் சொல்ல வரவில்லை. விளிம்பை மதிக்க வேண்டும் என்றாலே அச்சு ஒன்று போதாது, எது எங்கே என்று சொல்லும் விதி கூடவே வந்தாக வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான சான்று.

விதி ஓரத்துக்கு மட்டும் பயன்படும் என்று நினைத்தால் ஃபத்தேபூர் சிக்ரியைப் பார்க்க வேண்டும். ஆக்ராவில் அரசு வேதியியல் பரிசோதகராக இருந்த எர்னஸ்ட் ஹன்பரி ஹான்கின், கங்கை நீரில் காலரா கிருமிகள் அழிவதை 1896-இல் எழுதியதற்காக மருத்துவ வரலாற்றில் நினைக்கப்படுபவர். அவருக்கு இன்னொரு பித்து, முகலாயக் கட்டடங்களின் நட்சத்திர வடிவங்கள். சிக்ரியின் குளியலறை ஒன்றின் சுண்ணாம்புப் பூச்சில், நட்சத்திரங்களுக்கு அடியில் மெலிதாகக் கீறிய பலகோணங்களை அவர் கண்டார். தொழிலாளி முதலில் பலகோணங்களை ஒன்றையொன்று தொடும்படி பரப்புகிறார், பிறகு ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலிருந்தும் இரண்டு கோடுகளை ஒரு கோணத்தில் உள்ளே செலுத்துகிறார், கோடுகள் சந்திக்கும் இடத்தில் நட்சத்திரம் பிறக்கிறது, பலகோணம் மறைந்துவிடுகிறது. இந்திய தொல்லியல் துறை 1925-இல் இதை நூலாக வெளியிட்டது. எழுபத்தைந்து ஆண்டு கழித்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த கிரெய்க் கேப்லன் இதே வழியை ‘தப்ராட்ஸ்’ என்ற நிரலாக்கினார். அதில் அந்த ஒற்றைக் கோணத்தைச் சற்றுக் கூட்டிக் குறைத்தால் பரப்பு முழுவதும் உள்ள நட்சத்திரங்கள் கூர்ந்தும் விரிந்தும் மாறும். எட்டு பைட் கட்டத்தில் இது நடக்கவே நடக்காது, ஏனென்றால் நட்சத்திரம் எதனால் நட்சத்திரமானது என்ற செய்தி அங்கே பதிவாகவில்லை.

கடைசியாக, அச்சு முற்றிலும் கைவிடும் இடம். ரோஜர் பென்ரோஸ் 1974-இல் வெளியிட்ட ஓடுகள் தளத்தை இடைவெளியின்றி நிரப்பும், ஆனால் நகர்த்தி அடுக்கக்கூடிய கட்டம் எதுவும் அவற்றில் கிடையாது. 2023 மார்ச்சில் இதே இயல்பு ஒற்றை ஓட்டுக்கே உண்டு என்று தெரியவந்தது. பறக்கும் பட்டத்தின் வடிவில் எட்டுத் துண்டுகள் சேர்ந்து பதின்மூன்று பக்கம் கொண்ட ‘தொப்பி’ ஓடு அது. இங்கே என் வாதத்துக்கு எதிரான சான்று ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த டேவிட் ஸ்மித், அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். இலக்கணம் எதையும் எழுதாமல், காகித ஓடுகளை வெட்டி மேசையில் பரப்பியே அதன் விசித்திரத்தை உணர்ந்தார். அப்படியானால் கைதானே வென்றது? வென்றது கையும் கண்ணும்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் முதலில் அந்த உருவத்தை எட்டியது, கொடுத்த துண்டுகள் எப்படியெல்லாம் பொருந்தும் என்று தேடும் ஒரு புதிர் மென்பொருளில். ஐயம் வந்ததும் அவர் எழுதியது அதே கேப்லனுக்கு. ஓடு எவ்வளவு தூரம் பரவும் என்பதைச் சோதிக்கக் கேப்லனிடம் ஏற்கெனவே நிரல் இருந்தது. ஜோசஃப் மையர்ஸ், செய்ம் குட்மன்–ஸ்ட்ராஸ் ஆகியோர் சேர்ந்து முடித்த நிரூபணம், தொப்பிகள் நான்கு வகைக் கூட்டங்களாகச் சேர்வதையும் அந்தக் கூட்டங்கள் தம்மைப் போன்ற பெரிய கூட்டங்களாகச் சேர்வதையும் காட்டுகிறது. அது முழுக்க முழுக்க வளர்ச்சி விதி. அந்த வடிவத்தைத் திரையில் எந்த அளவுக்கும் விரிக்க அந்த விதியைத்தான் ஓட்ட வேண்டும், நிரப்பு வாளி அதற்கு உதவாது.

விதி என்றால் சாதாரணப் பயனருக்குக் கடினம், அச்சு எளிது, அதனால்தான் அது வென்றது என்று மென்பொருள் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். 1984-இன் வன்பொருளுக்கு அந்த விடை பொருந்தும். நொடிக்கு எண்பது லட்சத்துக்கும் குறைவான துடிப்புகளோடு ஓடிய செயலியில் இலக்கணத்தை ஓட்டிப் பயனரைக் காக்கவைத்திருந்தால் அட்கின்சனின் நிரலை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். பயனருக்குக் கடினம் என்ற பகுதியைத்தான் ஏற்க முடியவில்லை. 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை என்று ஒரு வரியில் சொன்னால் தமிழ்நாட்டில் கோலம் போடத் தெரிந்த எவருக்கும் பரப்பின் முழு உருவமும் ஓரமும் கிடைத்துவிடுகிறது. பயனர் கொடுக்க வேண்டியது இரண்டு எண்கள், மீதி விதியின் வேலை. கருவிகளை வடிவமைத்தவர்கள் இந்த வகை உள்ளீட்டைக் கேட்டுப் பார்க்கவில்லை என்பதே உண்மை. 2001-இல் இணையத்துக்கான எஸ்.வி.ஜி. தரம் வந்தபோதும், 2008-இல் பி.டி.எஃப். பன்னாட்டுத் தரமானபோதும், நிரப்பு வடிவத்துக்குக் கேட்டது ஒரு கட்டத்தையும் அதன் நகர்வையும்தான். ஓரத்தில் என்ன செய்வது என்று எழுத அந்த இரண்டு தரங்களிலும் இன்றுவரை இடமில்லை. கோலத்துக்கோ ‘ஜாலி’ என்ற துளைவேலைச் சாளரத்துக்கோ பாய்க்கோ தமிழில் புதிதாக மென்பொருள் எழுத முனைபவர்கள் ஆயத்தமாகக் கிடைக்கும் நிரப்பு வாளியிலிருந்து தொடங்க வேண்டாம். தாம்பரத்திலிருந்து வந்த 1974 கட்டுரையை முதலில் தேடிப் படியுங்கள்.

(தொடரும்)